நேர்த்திக் குத்தியும் உலோகப் பேணற் சங்கமும்

சரவணை அப்புத்துரை பெண்சாதிக்குத் தெரியாமல் ஒரு வெற்றிலை கூடப் போட்டறியாத மனிதர். அப்படிப்பட்டவர் அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். அதையும் ஊர் கூடியிருக்க, ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க, கைதட்டலுக்கு நடுவிலே செய்தார். செய்கிறபோது என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

அவருடைய ஒரே மகன் அனோஜன் பிரான்சுக்கென்று வெளிக்கிட்ட அன்று, தாய் றஞ்சனி ஒரு பழைய ஐந்து ரூபாக் குத்தியை மஞ்சள் துணியில் முடிந்து நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். குத்தி என்றால் வேறொன்றுமில்லை, உலோகக் காசை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பிள்ளை சுகமாய்ப் போய்ச் சேர்ந்தான் என்று சேதி வந்தால் முடிச்சோடு கொண்டுபோய் அம்மாளின் உண்டியலில் போட வேண்டும். அதுவரை அவிழ்க்கக் கூடாது. பிள்ளை கடைசியாகப் பேசியது ஏதோ ஒரு பனிக்காட்டு எல்லையிலிருந்து. "அம்மா, இனி நடக்கப் போறம். போன் வேலை செய்யாது" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு மாரி வந்து போய்விட்டது. போன் வேலை செய்யவில்லை.

றஞ்சனி ஒப்பாரி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முழுகி, விளக்கேற்றி, சாமி அறையில் இருந்த பால்மா ரின்னை, அந்தத் தகர டப்பாவைத் திறந்து, அந்த முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப உள்ளே வைத்து மூடினாள். முடிச்சு இருக்கும்வரை பிள்ளை எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறான். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

அந்த முடிச்சைத்தான் அப்புத்துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உலோகப் பேணற் சங்கத்தின் தராசில் கொட்டினார்.

சங்கம் உண்டான விதத்தைச் சொன்னால்தான் இந்த வினை விளங்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், பிள்ளைகள்.

ரூபா விழுந்து, விழுந்த இடத்திலிருந்து எழும்ப மனமில்லாமல் படுத்துக் கிடந்த காலம் அது. சனம் எண்ணெய்க்கு வரிசை, மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை என்று நின்று கால் வீங்கிக்கொண்டிருந்தது. ஊரில் வரிசையில் நிற்காத மனிதர் ஆழ்வாப்பிள்ளை ஒருவர்தான். பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர். தலைமை தாங்க ஒன்றும் கிடைக்காமல் அந்தக் கொஞ்சக் காலத்திலேயே ஆள் பாதியாய் மெலிந்துபோயிருந்தார். லண்டனில் இருந்த அவருடைய மைத்துனர் ஒருநாள் போன் எடுத்து, செம்பின் விலையும் நிக்கலின் விலையும் வானத்துக்கு ஏறிவிட்டதாகச் சொன்னார். அன்று பின்னேரமே ஆழ்வாப்பிள்ளைக்கு உடம்பு பழையபடி வந்துவிட்டது.

சனசமூக நிலையத்தில் கூட்டம் கூடியது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ரூபாவுக்காக எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அதன்பின் ஆழ்வாப்பிள்ளை பேசினார்.

"எங்கட ரூபா செத்துப் போச்சு. ஆனால் அதின்ர எலும்பு எங்கட வீட்டு ரின்னுகளுக்குள்ள கிடக்கு. ஒரு குத்தியின்ர முகத்தில என்ன எழுதிக் கிடக்கு எண்டு பார்க்காதேங்கோ. அதின்ர உடம்பில என்ன கிடக்கு எண்டு பாருங்கோ. கடதாசி பொய், உலோகம் மெய். எலும்பைப் பேணுவம்."

எலும்பு என்றதும் பக்கத்திலிருந்தவர் கை தட்டினார். அவர் தட்டுகிறாரே என்று அப்புத்துரையும் தட்டினார்.

இப்படித்தான் தீவக நாணய உலோகப் பேணற் சங்கம் பிறந்தது. அதற்கென்று விதிகளும் பிறந்தன. அங்கத்தவர் குத்தியைச் செலவழிக்கக் கூடாது. எண்ணக் கூடாது, நிறுக்க மட்டும்தான் வேண்டும், ஏனென்றால் எண்ணுவது பழைய மூடப்பழக்கம். காசு என்ற சொல்லைச் சங்க வளவுக்குள் உச்சரிக்கக் கூடாது, உலோகம் என்றுதான் சொல்ல வேண்டும். தவறினால் தண்டம், அதுவும் தாளாகக் கட்ட வேண்டும். சேர்க்கிற நிறையைப் பொறுத்து செப்பு அங்கத்தவர், பித்தளை அங்கத்தவர், நிக்கல் அங்கத்தவர் என்று மூன்று தரம். தலைவர் ஆழ்வாப்பிள்ளைதான். செயலாளராக வினோஜா என்ற படித்த பிள்ளையை வைத்தார்கள். பொருளாளர் என்பது காசை ஞாபகப்படுத்துகிற பதவி என்றபடியால் அதை உலோகாளர் என்று மாற்றி, கரம்பொன் பஸ்ரியாம்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அவர் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். மீன் நிறுக்கிற பெரிய தராசு அவரிடம்தான் இருந்தது.

இனி, சேருகிற உலோகத்தை எங்கே வைப்பது? ஊரிலேயே உறுதியான கட்டடம், சீமெந்தால் கட்டி இரும்பு மூடியும் பூட்டும் போட்டது, ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீரை நிரப்புகிற தொட்டி. எங்கள் கிணறுகளின் உப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. தொட்டியை எடுத்தால் நாங்கள் குடிக்கிற தண்ணிக்கு எங்கே போகிறது என்று ஒரு பெண் எழும்பிக் கேட்டாள். தலைவர் கோபிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"தங்கச்சி, தண்ணி ஆவியாப் போற சாமான். உலோகம் ஆவியாப் போகாது. இதில எதைப் பூட்டி வைக்க வேணும் எண்டு நீரே சொல்லும்."

அடுத்த நாளிலிருந்து பெண்கள் தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு அயலூர்க் கிணற்றுக்கு நடந்தார்கள்.

கொஞ்ச நாளில் தீவகத்தில் சில்லறை இல்லாமல் போனது. குறிகட்டுவான் துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசுக்குப் பதிலாக ரொபி கொடுத்தார், வட்டமான சீனி மிட்டாய். ரொபியை வாங்கியவர்கள் கடையில் ரொபியாகவே கொடுத்தார்கள். கடைக்காரர் அதையே திருப்பிக் கொடுத்தார். கோயில் உண்டியலில் ரொபி விழுந்தது, தேவாலயக் காணிக்கைப் பையிலும் ரொபி விழுந்தது. உண்டியல் திறக்கிற நாளில் ஐயர் முதலில் எறும்புக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கை வைத்தார். துறைமுகத்தில் கையேந்துகிற ஒரு கிழவனுக்கு நீரிழிவு. அவன் கிடைத்த தருமத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். இதெல்லாம் சங்கம் வேரூன்றியதற்கு அடையாளம் என்று ஆண்டறிக்கையில் இருந்தது.

நாகமுத்துக் கிழவர் இறந்தபோதுதான் சங்கத்தின் கருணையை எல்லோரும் கண்டார்கள். சவத்தின் நெற்றியில் ஒட்ட வீட்டில் ஒரு குத்தி இல்லை. அயலட்டை வீடுகளிலும் இல்லை. ரொபியை ஒட்டலாமா என்று கேட்டவரைக் கிழவரின் மனுசி பார்த்த பார்வையில் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். விசயம் சங்கத்துக்கு எட்டியது. சங்கம் உடனே கூடித் தீர்மானித்து ஒரு குத்தியை இரவல் கொடுத்தது. வினோஜா அதை ஒரு கடித உறையில் கொண்டுவந்து, சந்தனத்தில் ஒட்டி, தலைமாட்டில் ஒரு கதிரை போட்டு அதைப் பார்த்தபடியே இருந்தாள். பறை முழங்கி, பாடை தூக்குகிற நேரம் வந்ததும் எழும்பி, குத்தியை உரித்தெடுத்துச் சந்தனத்தைத் துடைத்து, நகைக்கடைத் தராசு ஒன்றில் வைத்துப் பார்த்தாள். இறந்தவர் ஒரு மில்லிக்கிராமும் எடுத்துச் செல்லவில்லை என்று உறுதிப்படுத்தினாள்.

சுடலையில் தலைவர் அஞ்சலியுரை செய்தார். "வெறுங்கையோட வந்தம், வெறுங்கையோட போறம் எண்டு எங்கட முன்னோர் சொல்லிக்கொண்டுதான் இருந்தினம். அதை நடைமுறைப்படுத்தினது எங்கட சங்கம்" என்றார். சுடலையில் கை தட்டக் கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறொன்றும் அப்புத்துரைக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

அந்த நாட்களில் அவருக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையை அனுப்பிய ஏஜென்சிக்காரன், ஆளை விட்டுத் தேடிப் பார்க்கலாம், அதற்கு இன்னும் கொஞ்சம் பணம் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தான். சங்கமோ, உலோகம் விற்கிற அன்று நிக்கல் அங்கத்தவருக்குத்தான் முதலில் பங்கு என்று சொல்லியிருந்தது. அப்புத்துரை பித்தளைதான். நிக்கல் ஆவதற்கு ஒரு கைப்பிடி குறைந்தது. பிள்ளையைத் தேடுவதற்கு ஒரு கைப்பிடி குறைகிறதே என்றுதான் அவர் அதை நினைத்தார்.

சேர்ந்த உலோகத்தை ஊர் கூடி நிறுக்கிற பேரெடை விழா வந்தது. நாதஸ்வரம், கரும்பலகையில் வரவேற்பு, மாவிலை கட்டிய மீன் தராசு. றஞ்சனி தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்புத்துரை சாமி அறைக்குள் போனார். பால்மா ரின் கனத்தது. விளக்கெண்ணெய்க்கென்று அவள் சேர்க்கிற சில்லறை என்றுதான் எண்ணினார். நேர்த்தி முடிச்சு விளக்கடியில் தொங்குகிறது என்பது அவருடைய நினைப்பு. முப்பது வருசம் ஒரு வீட்டில் இருந்த ஆம்பிளைகளைக் கேட்டுப் பாருங்கள், சாமி அறையில் எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

மேடையில் ரின்னைக் கவிழ்த்தார். படம் பிடிக்கிறவன், ஐயா இங்காலை பாருங்கோ, சிரியுங்கோ என்றான். அவர் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்ளே வினோஜா தராசிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்து, கத்தரியால் வெட்டி, குத்தியைத் தட்டில் போட்டு, துணியைக் காலடிச் சாக்குக்குள் போட்டாள். விதிப்படி அது அந்நியப் பொருள். முள் அசைந்து நின்றது. அப்புத்துரை நிக்கல் ஆனார்.

வீட்டுக்கு வந்து வெறும் ரின்னைத் திரும்ப வைத்துக்கொண்டு நிற்கையில் குசினியிலிருந்து குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, சாமி அறைக்குள்ளயோ நிக்கிறியள்? அந்த ரின்னைத் தட்டிக்கிட்டிப் போடாதேங்கோ. தம்பியின்ர நேர்த்தி கிடக்கு."

அப்புத்துரை வெறும் ரின்னின் மூடியை இறுக்கினார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் குத்தி திரும்ப வர வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகச் சங்கத்து வாசலில் நின்றார். வினோஜாவிடம், நேர்த்திக் காசு ஒன்று தெரியாமல் வந்துவிட்டது என்று தொடங்கினார். அவள் தண்டப் பெட்டியைக் காட்டினாள். தாள் ஒன்றைப் போட்டுவிட்டு, நேர்த்தி உலோகம் என்று திரும்பத் தொடங்கினார்.

அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளையில்லை. முகம் வாடித்தான் கேட்டாள். "ஐயா, குத்தியில உங்கட மகன்ர பேர் ஏதும் வெட்டிக் கிடக்கே?"

"இல்லைப் பிள்ளை. அரசாங்கத்தின்ர முத்திரைதான் கிடக்கு."

"அப்ப அரசாங்கம் வந்து கேட்டாலும் ஒரு நியாயம் இருக்கு. நீங்கள் எப்பிடிக் கேக்கிறது?" மேசைக்குக் கீழே பார்த்தாள். "துணி வேணுமெண்டால் எடுக்கலாம் ஐயா. துணி சங்கத்தின்ர சொத்தில்லை."

மேசைக்குக் கீழிருந்து சாக்கை இழுத்து வாயைத் திறந்தாள். அப்புத்துரை குனிந்து பார்த்தார். சாக்கு நிறைய மஞ்சள் துணி. கர்ப்பூர மணமும் தேங்காயெண்ணெய் மணமும் குப்பென்று வந்தது. ஊரிலுள்ள அத்தனை பெண்களும் பிள்ளை வரத்துக்கும், புற்றுநோய்க்கும், விசாவுக்கும், காணாமல் போனவருக்கும் என்று முடிந்து வைத்தவை. அத்தனை ஆம்பிளைகளும் பெண்சாதி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துத்தான் ரின் எடுத்திருக்கிறார்கள். தான் ஒருவன்தான் பாவி என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு, துணைக்கு ஊரே நிற்கிறது என்று கண்டதும் ஆறுதல் வரவில்லை. பயம்தான் வந்தது.

நிலத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கிளறினார். றஞ்சனியின் துணியை அவரால் அடையாளம் காண முடிந்தது. அனோஜனின் பள்ளிக்கூடச் சேட்டில் கிழித்து மஞ்சள் தோய்த்தது. ஓரத்தில் ஒரு பொத்தான் ஓட்டை இருந்தது. அதை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பஸ்ரியாம்பிள்ளையிடம் போனார். அவர் தொட்டிப் பூட்டின் திறப்பைக் கழுத்தில் செபமாலையோடு சேர்த்துப் போட்டிருந்தார். "அண்ணை, எனக்கும் ஒரு மகன் கடலுக்குப் போறவன். உங்கட வயித்தெரிச்சல் விளங்குது" என்றார். உண்மையாகவே கண் கலங்கினார். ஆனால் தொட்டிக்குள் இறங்கித் தேடினால் செருப்பிலே, விரலிடுக்கிலே தூசு ஒட்டிக்கொண்டு நிறை குறையும், அதற்கு உலோகாளர்தான் பொறுப்பு என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவரிடம் போகச் சொன்னார்.

தலைவர் அப்புத்துரையைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்புத்துரை, நீர் ஒரு மகனைப் பற்றி யோசிக்கிறீர். பிழையெண்டு நான் சொல்லேல்லை. நான் முழுத் தீவகத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டிக் கிடக்கு. மகன்மார் போவினம், வருவினம். கையிருப்புக் குறைஞ்சால் திரும்பி வராது."

"ஒரு குத்தி தானே ஐயா. அதுக்கு ஈடா நான் தாள் தாறன்."

"அம்மாள் காத்திருப்பா. அவவுக்கு வேற என்ன அலுவல்? லண்டன் சந்தை காத்திராது, காணும்." பிறகு மேசையில் விரலால் தட்டி, முகம் மலர்ந்து சொன்னார். "ஒரு வழி இருக்கு. அம்மாளையே எங்கட சங்கத்தில கௌரவ அங்கத்தவராச் சேர்த்துப்போடுவம். உம்மட குத்தியை அவவின்ர பேரில வைப்பம். அப்ப உம்மட நேர்த்தி போய்ச் சேர்ந்த மாதிரி."

அப்புத்துரை தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "பிள்ளை இன்னும் போய்ச் சேரேல்லையே, ஐயா. அதுக்கு முன்னம் நேர்த்தி போய்ச் சேர்ந்தால் அது என்ன நேர்த்தி?"

"முற்பணம்" என்றார் தலைவர்.

வியாழக்கிழமை வெளியூரிலிருந்து உலோக வியாபாரி லொறியோடு வந்தார். மறுபடியும் நாதஸ்வரம். தொட்டியின் மூடியைத் தலைவர் நாடா வெட்டித் திறந்தார். போன மாரித் தண்ணீர் மூடியின் இடுக்கால் இறங்கியிருந்தது. உலோகம் எல்லாம் கருவாட்டு நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தது. இளம்பொடியள் வாளி வாளியாக அள்ளிச் சாக்கில் பரப்பினார்கள்.

வியாபாரி சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். குவியலுக்கு மேலே பிடித்தார். வெல்லத்தில் இலையான் மொய்ப்பதுபோலக் குத்திகள் பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டன. உதறிவிட்டுத் திரும்பப் பிடித்தார். திரும்பவும் ஒட்டின. பின்னேரம் வரை அதையே செய்தார்.

"இப்ப வாற குத்தி எல்லாம் இரும்பு, ஐயா. மேல பூச்சுத்தான்" என்றார். "உது எனக்கு வேண்டாம். இது மட்டும் சாமான்."

இது என்று அவர் காட்டியது ஒட்டாமல் சாக்கிலே மிஞ்சிக் கிடந்த ஒரு சிறு குவியல். பழைய காலத்துத் தடித்த குத்திகள். பெண்கள் நேர்த்திக்கென்று தேடிப் பார்த்து எடுக்கிறவை. அம்மாளுக்குக் கொடுப்பது நல்லதாய் இருக்க வேண்டுமே. ஒவ்வொன்றிலும் மஞ்சள் கறை பிடித்திருந்தது.

அப்புத்துரைக்குக் கால் தானாக நடந்தது. வியாபாரிக்கு முன்னால் போய் நின்று, இதில் ஒன்று தம்முடையது, தாள் தருகிறேன், ஒன்றே ஒன்று எடுக்க விடுங்கள் என்று மெல்லிய குரலில் கேட்டார். வியாபாரி ஆளை மேலும் கீழும் பார்த்தார். "காசு ஏன் அண்ணை, ஒண்டை எடுங்கோவன்" என்றார்.

காசு என்ற சொல் கேட்டு வினோஜா தண்டப் பெட்டியை எடுத்தாள். தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"ஒருத்தருக்குக் குடுத்தால் எல்லாருக்கும் குடுக்க வேணும். இதில வேற ஆருக்கும் உரிமை கிடக்கெண்டால் முன்னுக்கு வரலாம். சங்கம் சனநாயகமானது."

அப்புத்துரை திரும்பிப் பார்த்தார். ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் அந்தக் குவியலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்குக் கண்ணீர் வந்தே விட்டது. ஆனால் பக்கத்திலே பெண்சாதிமார் நின்றார்கள். ஒரு கால் முன்னுக்கு வந்தால் ரின்னின் கதை வெளியே வந்துவிடும். ஒருவரும் அசையவில்லை. தலைவர் நாகரிகமாக நெடுநேரம் காத்திருந்தார். பிறகு, எதிர்ப்பில்லை, ஏகமனதாக நிறைவேறியது என்றார்.

மஞ்சள் குத்திகள் ஒரு அரிசிப் பையின் அடியில் அடங்கின. லொறி போனது. கிடைத்த தாள்கள் நாதஸ்வரத்துக்கும் தேத்தண்ணிக்கும் பெயர்ப்பலகைக்கும் சரியாய்ப் போயின. பங்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. தலைவர் நிறைவுரை செய்தார்.

"எங்கட உலோகத்தில சந்தேகப்பட்ட ஆக்கள் இருந்தினம். இண்டைக்குக் காந்தம் கூட எங்கட உலோகத்தை விட ஏலாமல் கட்டிப் பிடிச்சதை எல்லாரும் கண்ணால கண்டனீங்கள். இதை விட என்ன சாட்சி வேணும்? மிச்சத்தை அடுத்த தலைமுறைக்காகப் பேணுவம்."

துருப்பிடித்த குவியல் திரும்பத் தொட்டிக்குள் போனது. பூட்டினார்கள். அப்புத்துரையின் சேட்டில் நிக்கல் அங்கத்தவர் சின்னத்தைக் குத்தினார்கள். அது தகரம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் ஒரு குத்தி தேடி வெளிக்கிட்டார். எந்தக் குத்தியென்றாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். கடைகளில் கேட்டார். பஸ்ஸில் கேட்டார். குறிகட்டுவானில் லோஞ்சுப் படகில் வேலை செய்கிற யாக்கோப்புவைப் பிடித்துக் கேட்டார். யாக்கோப்பு காற்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். சீனித் தூள்தான் கொட்டியது. "அண்ணை, நயினாதீவுக்கு விகாரை கும்பிட வாற சிங்களச் சனமே இப்ப வரேக்க ரொபியோடதான் வருது" என்றான். திரும்பி வருகிற பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சத்துக்கு ஒரு ரொபியை அவர் கையில் வைத்தார்.

அப்புத்துரை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வட்டமாக இருந்தது. தடிப்பும் சரியாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால், பனை வடலிகளின் மறைவில் குந்தியிருந்து துணியை விரித்தார். ரொபியின் கடதாசி சரசரத்தது. அது காட்டிக்கொடுத்துவிடும் என்று உரித்து எறிந்தார். றஞ்சனி முடிகிற மாதிரி மூன்று முடிச்சுப் போட்டார். முதலாவது இரண்டு தரம் அவிழ்ந்தது. தாயே, இந்தப் பொய்யை என் தலையில் போடு, பிள்ளையின் காலில் போடாதே என்று சொல்லி ரின்னுக்குள் வைத்தார்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் அவர் வாசற்படியில் இருந்தார். உள்ளே ரின் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூடுகிற சத்தம் கேட்டது. றஞ்சனி வந்து சோறு போட்டாள். அப்புத்துரை சாப்பிட்டார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். போன் வேலை செய்யவில்லை.

சோளகக் காற்று ஓய்ந்து வெக்கை தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை றஞ்சனி விளக்கேற்றப் போனவள், ரின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்புத்துரைக்குப் பக்கத்தில், படியில் இருந்தாள். ரின்னின் விளிம்பிலிருந்து சிவந்த எறும்பு வரிசையாக இறங்கி அவளுடைய மணிக்கட்டுவரை ஊர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை. முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். துணி மொரமொரவென்று விறைத்து, நடுவில் குழி விழுந்துபோய் இருந்தது.

"இஞ்சேருங்கோ, குத்தி கரையுமே?"

அப்புத்துரை எறும்புகளைப் பார்த்தார்.

"முதல் நாளே தெரியும். கண்ணில வைக்க, கனம் காணாது." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "நான் ஏன் கேக்கேல்லைத் தெரியுமே? கேட்டால் நீங்கள் சொல்லிப்போடுவியள்."

வேலிக்கு அப்பால் சங்கத்தின் ஒலிபெருக்கி, நிக்கல் அங்கத்தவர்கள் நாளைய கூட்டத்துக்குச் சின்னம் அணிந்து வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது. அது தூரத்தில் தேயும்வரை இருவரும் இருந்தார்கள்.

"இப்ப எறும்பு சொல்லிப்போட்டுது" என்றாள்.

பிறகு மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாத முடிச்சு. அதன் உள்ளே மிச்சமிருந்த ஈரப் பிசினை நகத்தால் சுரண்டி, எறும்பு ஒவ்வொன்றையும் ஊதி விட்டு, துணியை வாளித் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள். அயலூர்க் கிணற்றிலிருந்து தலையில் சுமந்து வந்த தண்ணீர். ஈரத்தோடேயே துணியை மடியில் விரித்துப் பார்த்தாள். பொத்தான் ஓட்டைக்குள்ளே விரலை விட்டு எடுத்தாள். நடுவில் வைக்க ஒன்றும் இல்லை. ஒன்றும் வைக்காமலே முடிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

அதை ரின்னுக்குள் வைத்து மூடியை அழுத்தினாள். சரியாய் மூடுபடவில்லைப்போல. படியில் வைத்து, உள்ளங்கையால் சுற்றிவர இன்னும் ஒரு தரம் அழுத்தினாள், உள்ளே இருப்பது வெளியே போய்விடாதபடிக்கு.